அவர் தலைக்கு விட்ட இடம்

சத்தம் கேட்ட பிறகுதான் என் கையில் எதுவும் இல்லை என்று தெரிந்தது. சொத்தையைக் குத்திப் பார்க்கும் கொக்கி தரையில் கிடந்தது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தார். டாக்டர் பார்க்கவில்லை. வலது கையை நீட்டியது நீட்டியபடியே, "இன்னொண்ணு குடு" என்றார். கொடுத்தேன். அதையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். என் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், எதையாவது பிடித்திருக்கிறோமா இல்லையா என்று எனக்குச் சொல்வதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் என் கணவர். கீழே க்ளினிக், மேலே வீடு. மேலே இருக்கும்போது அவர் 'என்னங்க'. பதினான்கு படி இறங்கினால் 'டாக்டர்'. கல்யாணமான மூன்றாம் மாதம், உதவிக்கு இருந்தவர் நின்றுவிட்டார் என்று, "ரெண்டு நாளைக்கு நீ கொஞ்சம் வந்து நில்லேன்" என்றார். வந்து நின்றேன். பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

நின்றுகொண்டு என்றால் நிஜமாகவே நின்றுகொண்டுதான். அவருக்குச் சக்கரம் வைத்த ஸ்டூல் உண்டு, முதுகுக்குச் சாய்மானமும் உண்டு. அதில் அவர் ஒருநாளும் சாய்ந்ததில்லை என்பது வேறு விஷயம். என் பக்கத்தில் நாற்காலிக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்க மட்டுமே இடம். வலது கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், இடது கையால் அவருக்குச் சாமான்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். கீழ்ப்பல் என்றால் பரவாயில்லை. மேல் கடைவாய்ப் பல் என்றால் தலை வரும்.

தலை வரும் என்று நான் சொல்வது அவர் தலையை. மேல் பல்லைப் பார்ப்பதற்காக அவர் உட்கார்ந்தபடியே முதுகை வளைத்து, கழுத்தைத் திருகி, நோயாளியின் தாடைக்கு மேலே தலையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கீழேயிருந்து மேலே எட்டிப் பார்ப்பார். அந்தத் தலை என் வலது பக்கமிருந்து வரும். நான் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். அதே சமயம் விளக்கை மறைக்கக் கூடாது, குழாயையும் நகர்த்தக் கூடாது. ஒதுங்குவதற்கு மிச்சம் இருப்பது என் கழுத்து ஒன்றுதான். ஒருநாளைக்கு இருபது வாய் என்றால் அதில் பாதியாவது மேல் பல். அவர் முகத்தைவிட அவர் உச்சந்தலை எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் கருகருவென்று இருந்தது, பிறகு சுழிக்குப் பக்கத்தில் நாணயம் அளவுக்கு வெளுத்தது, இப்போது உள்ளங்கை அளவுக்கு வந்திருக்கிறது.

வலி வந்தபோது நாங்கள் சும்மா இருக்கவில்லை. தலையணையை மாற்றினோம். மெத்தையை மாற்றினோம். பழியைத் தலையணை மேல் போட்டோம், ஃபேன் காற்று மேல் போட்டோம், என் வயது மேல் போட்டோம். அவருக்கும் இடுப்பில் வலிதான், பெல்ட் போட்டுக்கொண்டுதான் கீழே இறங்குவார். "இந்தத் தொழில்னா முதுகு போகத்தான் செய்யும்" என்பார், ஏதோ சம்பளத்தில் பிடித்தம் மாதிரி. படுக்கையறை முழுக்கத் தைல வாசனை. இரண்டு பேரும் ஒருவர் கழுத்துக்கு ஒருவர் தேய்த்துவிட்டுக்கொண்டு தூங்கிப்போவோம். சில வருஷங்களுக்குப் பிறகு வலிக்கிறது என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். குழாயில் தண்ணீர் சொட்டுவதைத் தினமும் யாரிடம் போய்ச் சொல்வது?

கொக்கி விழுந்த அன்று சாயங்காலம் அவரே என்னை நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள். மரத்தது இரண்டு விரலோடு நிற்கவில்லை, உள்ளங்கை வரை வந்துவிட்டது என்று ஊசிமுனையால் குத்திக் குத்திக் கண்டுபிடித்தார்கள். நரம்பு டாக்டர் சுற்றி வளைக்காத மனுஷன். "கழுத்துல நரம்பு நசுங்கியிருக்கு. மூணு மாசம் டைம் தரேன். நிக்கிற விதத்தை மாத்துங்க, எக்ஸர்சைஸ் பண்ணுங்க. அதுக்குள்ள உணர்ச்சி திரும்பலைன்னா ஆபரேஷன். ஆபரேஷன் பண்ணாலும் போனது முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

கேட்டுக்கொண்டேன். அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் வண்டி நின்றபோது அவர் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பிசியோதெரபி செய்யும் பெண்ணுக்கு என் வயதில் பாதி இருந்தால் அதிகம். அறையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று ஆணியில் தொங்கியது. என்னைச் சுவர் பக்கமாக நிறுத்தினாள்.

"வேலை செய்யறப்ப எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க மேடம்."

ஒரு ஸ்டூலை நோயாளியாக வைத்துக்கொண்டேன். குழாய்க்குப் பதிலாக ஒரு பென்சில் கொடுத்தாள். நின்றேன். முன்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்தாள், பக்கவாட்டில் ஒன்று.

"கழுத்தை ஏன் அந்தப் பக்கம் சாய்க்கிறீங்க?"

"சாய்க்கலையே."

போனைக் காட்டினாள். அதில் ஒரு பொம்பளை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் எதையோ இடுக்கிக்கொண்டிருப்பவள் மாதிரி நின்றாள். புடவையை வைத்துத்தான் நான் என்று ஒப்புக்கொண்டேன்.

"டாக்டர் தலை வரும்" என்றேன்.

"எங்க?"

"இங்க." பென்சிலால் காட்டினேன். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"இப்ப யாரும் இல்ல மேடம். நேரா நில்லுங்க."

நின்றேன். "இன்னும்" என்றாள். நின்றேன். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி, பொறுமை போய், உள்ளங்கையால் என் தலையைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். வலது பக்கமாக விழப்போகிறேன் என்று பயந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "விழ மாட்டீங்க. இதுதான் நேர்" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் நேராகத்தான் இருந்தது.

பிறகு உட்காரவைத்துச் சொன்னாள். "நிமிர்ந்து இருந்தா தலை ஒரு அஞ்சு கிலோ. குனியக் குனியக் கழுத்துக்கு அது இருபது கிலோவா ஆயிடும். நீங்க குனிஞ்சும் இருக்கீங்க, சாய்ஞ்சும் இருக்கீங்க."

"மெத்தையெல்லாம் மாத்திட்டோம்மா."

"மெத்தை பாவம், அது என்ன பண்ணும்? பகல்ல ஒம்பது மணி நேரம் நீங்க என்ன பண்றீங்கன்னு பாருங்க. உங்க டாக்டர் நிமிர்ந்து உக்காந்தா நீங்களும் நிமிர்ந்துடுவீங்க. அவர் ஏன் அப்படிக் குனியறார்?"

பத்தொன்பது வருஷத்தில் கேட்கத் தோன்றாத கேள்வி. அன்று சாப்பிடும்போது அவரிடமே கேட்டேன்.

"மேல் பல்லு நேரா தெரியாதுல்ல" என்றார், வாயில் சோற்றோடு. "கண்ணாடியை உள்ள வச்சு, அதுல பாத்து செய்யணும். காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. தலைமாட்டுல நிமிர்ந்து உக்காந்துட்டா போதும், குனியவே வேணாம்."

"அப்புறம்?"

"கண்ணாடில எல்லாம் மாறித் தெரியும். கை முன்னாடி போனா அதுல பின்னாடி போகும். பழக நாள் ஆகும். குனிஞ்சா பட்டுனு முடிஞ்சிடுது."

அவர் இடது கையில் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி எப்போதும் இருக்கும். கன்னத்தை விலக்கிப் பிடிக்க அதைக் கரண்டி மாதிரி உபயோகிப்பார். அது பார்ப்பதற்கான சாமான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்தான் தினமும் அதைக் கழுவிக் கொதிக்கவைத்துத் துடைத்துத் தட்டில் வைக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. வலிக்காமல் ஊசி போடுவதில் இந்த வட்டாரத்தில் பேர் எடுத்தவர். அழும் குழந்தைகளுக்குக் குரங்கு மாதிரி முகத்தை வைத்துக் காட்டுவார். பெண்டாட்டி கை மரத்துப்போனதற்கு ராத்திரி தூங்காமல் புரண்டவர். "சரி, இனிமே கண்ணாடி" என்று மறுநாளே ஆரம்பித்தார்.

மூன்று நாள் நடந்தது. முதல் நாள், தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் நோயாளியின் மூச்சு பட்டு மங்கியது. துடைத்தால் தண்ணீர் தெறித்தது. கருவி கன்னத்துப் பக்கம் போக வேண்டிய நேரத்தில் நாக்குப் பக்கம் போனது. கால் மணி நேர வேலைக்கு முக்கால் மணி நேரம். வெளியே காத்திருந்தவர்கள் தேவையில்லாமல் இருமினார்கள். இரண்டாம் நாள் அதைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனால் அவர் வாய்க்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு பாட்டுக்கார அம்மாவுக்கு மேல் வரிசையில் கடைசிப் பல். அன்று மாலை அவருக்குக் கச்சேரி இருந்தது, சீக்கிரம் போக வேண்டும். டாக்டர் கண்ணாடியில் இரண்டு நிமிஷம் தடவினார். அப்புறம் தலை வந்தது.

நான் இடது பக்கம் ஒதுங்கினேன். அதற்குப் பிறகு கண்ணாடி பழையபடி கன்னத்தை விலக்கப் போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில், "உனக்கு ரெஸ்ட்தான் மருந்து" என்றார். "மூணு மாசம் முன்னாடி ரூம்ல உக்காந்து போன் மட்டும் எடு. குட்டியை வரச் சொல்லியிருக்கேன். அப்புறம் நீ வந்துட்டா பழையபடி ஓடும்."

குட்டி அவருடைய தங்கை. வயது நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து போன வருஷம்தான் வேலையை விட்டவள். குரலே விசில் மாதிரி இருக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தால் கதவு தானாக வழி விடும். எனக்குக் கேள்விக்குறி என்று பேர் வைத்ததும் அவள்தான். "எங்க அண்ணி நின்னா கேள்விக்குறி, உக்காந்தா கால்புள்ளி" என்று சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது சொல்லிச் சிரிக்கவைப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எங்களோடு தங்க வந்த முதல் நாளே, நரம்பு டாக்டர் போடச் சொன்ன என் கழுத்துப் பட்டையைத் தட்டிப் பார்த்தாள். "அண்ணி, எங்க வம்சத்துல யாருக்கும் கழுத்து வலி கிடையாது தெரியுமா? எல்லாம் நிக்கிறதுல இருக்கு. நான் எத்தனை பிள்ளைங்களை நிமித்தியிருக்கேன்! உன்னை நிமித்த முடியாதா?"

"உங்க அண்ணனுக்கு இடுப்பு வலி இருக்கே."

"அது எங்க அம்மா வழி" என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் முன் அறையில் உட்கார்ந்தேன். கழுத்தில் பட்டை, மேஜையில் போன், பேர் எழுதும் நோட்டு. ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து சுவரில் முதுகும் தலையும் படும்படி நின்று தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ண வேண்டும். காத்திருப்பவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ஒரு தாத்தா என்னோடு சேர்ந்து தானும் எண்ணினார். வலி கொஞ்சம் குறைந்தது. விரல்களில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. காலையில் எழுந்ததும் கட்டைவிரலைக் கடித்துப் பார்ப்பேன். யாருடைய விரலையோ கடிப்பது போலிருக்கும்.

உள்ளேயிருந்து குட்டியின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "வாயை நல்லாத் தொறங்க சார்! இன்னும்! ம்ம், சபாஷ்!" முதல் வாரம் முழுக்க அப்படி. இரண்டாம் வாரமும். டாக்டர்கூட, "குட்டி வந்ததுல வேலை சுறுசுறுப்பா போகுது" என்றார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பொறாமைப்படக்கூடத் தெம்பு வேண்டும்.

நான்காம் வாரத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஐந்தாம் வாரத்தில் மேலே வந்து, "அண்ணி, இந்தத் தலையணை சரியில்ல. வேற இருக்கா?" என்றாள். இருந்தது. எங்களிடம் தலையணைக்குப் பஞ்சமே கிடையாது. அடுத்த நாள், "ஃபேன் காத்து நேரா கழுத்துல அடிக்குது" என்று கட்டிலை நகர்த்தினாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன், வலது கையால்.

ஏழாம் வாரம், ஒரு புதன்கிழமை, பதினொரு மணிக்கு டீ வந்தது. குட்டி டம்ளரை எடுத்துக்கொண்டு முன் அறைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. முதுகும் நேராகத்தான் இருந்தது. தலை மட்டும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு தலை நுழையும் அளவுக்கு இடம் விட்டு, அப்படியே டீயை உறிஞ்சினாள்.

"ஏன் குட்டி கழுத்தைச் சாய்ச்சு வச்சிருக்க?"

"சாய்க்கலையே" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் நேர். பத்தொன்பது வருஷம்கூட வேண்டியிருக்கவில்லை, ஏழு வாரம் போதுமாக இருந்திருக்கிறது. ஊருக்கே நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஏழு வாரம். மூன்று மாதம் முடிந்ததும் அவள் அந்தக் கழுத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள், நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு அதே இடுக்கில் போய் நிற்பேன். பழையபடி ஓடும். மிச்சமிருக்கும் விரல்களும் ஒவ்வொன்றாக விடைபெறும்.

அப்போதுதான் கோபம் வந்தது. எங்கேயோ முகவரி தெரியாமல் இத்தனை நாள் அலைந்துவிட்டு வந்த மாதிரி வந்தது. காது சுட்டது. அவர் மேல் கோபம், நேரத்தை மிச்சம் பிடித்த அந்தக் குனிதல் மேல் கோபம், ஒன்றும் கேட்காமலே ஒதுங்கிய என் கழுத்தின் மேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம்.

டீ முடிந்து குட்டி உள்ளே போனாள். அடுத்தவர் பஸ் ஓட்டுநர். மேல் கடைவாயில் இடது பக்கம் கடைசிப் பல். நோட்டில் நான்தான் எழுதியிருந்தேன். போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

தலை வந்திருந்தது. ஓட்டுநரின் தாடைக்கு மேலே, திருகிக்கொண்டு. அந்தப் பக்கம் குட்டி, என்னை மாதிரியே நின்றுகொண்டிருந்தாள்.

நான் அவருக்குப் பின்னால் போனேன். வலது கையால் விளக்கைத் தலைமாட்டுப் பக்கம் திருப்பினேன். இடது உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்து, பிசியோதெரபிப் பெண் எனக்குச் செய்தது போலவே, பின்னுக்கு இழுத்து நிமிர்த்தினேன்.

"ஏய், என்ன பண்ற? வேலை நடக்குது!"

"என்னங்க" என்றேன். அந்த அறையில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "கண்ணாடியில பாருங்க."

"கையை எடு. அவருக்கு லேட்டாகும்."

"ஆகட்டும்."

உறிஞ்சுகுழாய் காற்றில் கொரகொரவென்றது. குட்டி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணி?"

"நீ நேரா நில்லு குட்டி. தலை வராது."

அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் சட்டென்று அலமாரியைப் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடுவோம் என்று. பிடித்துக்கொண்டபடியே தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அண்ணா, அண்ணி சொல்றதைக் கேளு" என்றாள், விசில் இல்லாத குரலில்.

ஓட்டுநர் வாயைத் திறந்தபடியே "ஆ, ஆ" என்று ஏதோ சொன்னார். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

டாக்டர் கண்ணாடியை உள்ளே வைத்தார். அது மங்கியது. குட்டி காற்று அடித்தாள், தெளிந்தது. கருவி ஒரு தடவை தப்பான பக்கம் போய், நின்று, திரும்பி வந்தது. அவர் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டு வேலை செய்தார். நடுநடுவே தலை முன்னால் வரப் பார்த்தது. என் முழங்கை மடிவதை வைத்துத்தான் அது வருகிறது என்று கண்டுபிடித்தேன், மறுபடியும் நிமிர்த்தினேன். வெளியே இருமினார்கள். கால் மணி நேரத்தில் முடிவது ஐம்பது நிமிஷம் ஆனது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

கடைசியில் பல் குழியில் அடைப்பு உட்கார்ந்தது. ஓட்டுநர் வாயைக் கொப்பளித்துத் துப்பி, தாடையை ஆட்டிப் பார்த்து, "நல்லாயிருக்கு டாக்டர்" என்று சொல்லி இறங்கிப் போனார். குட்டி தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். டாக்டர் ஸ்டூலில் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கும் மேல் பல்லு ஏழு இருக்கு" என்றார்.

"வரேன்."

"சரி. இப்ப கையை எடு."

எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன். என் கை இன்னும் அவர் நெற்றியின் மேலேயே இருந்தது.